பீட்டர் சேவியருக்குத் தைத்த பேனர்

தன் அணி தோற்றதற்குக் கேக் வெட்டிய ஆளை நான் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். அவன் என் தம்பி எட்வின். பெங்களூரில் பெண் எடுத்தவன், அங்கேயே தங்கிவிட்டான். விவேக் நகரில் வீடு, அடுகோடியில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பட்டறை. ஒரு சாயங்காலம் தூத்துக்குடியில் நான் கடையில் இருக்கும்போது வீடியோ கால் போட்டான். வாயெல்லாம் கிரீம்.

"அக்கா! நம்ம டீம் கடைசி வந்துட்டு! கடைசி அக்கா, கடைசி!"

"கடைசி வந்ததுக்கால இந்தக் குதி குதிக்க?"

"பின்ன? டிராஃப்ட்ல நமக்குத்தான் முதல் சான்ஸ்!"

டிராஃப்ட் என்றால் பேங்கில் எடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அவன் பொறுமையாக விளக்கினான். அவன் உயிரை வைத்திருக்கும் கால்பந்து லீக்கில் சில ஊர்களின் அணிகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை ஆட்டக்காரர்களையெல்லாம் ஒரு ஹாலில் கூட்டுவார்கள். அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுத்துக்கொள்ளும். போன வருஷம் கடைசி வந்த அணிக்கு முதல் முறை. "கடைசிப் பந்தியில உக்காந்தவன்தான் குழம்புச் சட்டில முதல்ல கரண்டி விடணும்னு சட்டம் போட்டா எப்படி இருக்கும்? அதான்க்கா டிராஃப்ட்," என்றான். கல்யாண வீடுகளுக்கும் இந்தச் சட்டம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் சாப்பிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

அவன் அழைத்தது கேக்கைக் காட்ட மட்டுமில்லை. நான் கொடி தைப்பவள். மாதா கோயில் திருவிழாக் கொடி, கட்சிக் கொடி, கடை திறப்புத் தோரணம் எல்லாம் என் மிஷினில்தான் பிறக்கின்றன. தேர்தல் சமயத்தில் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் கட்சிகளின் கொடிகள் என் மேசையில் ஒன்றாகப் படுத்திருக்கும். எட்வினுக்கு மஞ்சள் சாட்டினில் ஒரு பேனர் வேண்டுமாம். மேல் வரி கன்னடம், கீழ் வரி தமிழ்: வருக வருக பீட்டர் சேவியர்.

பீட்டர் அவன் தெருப் பையன். சேவியர் என்பது பையனின் அப்பா. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தால் அப்பா பெயரை எழுதிவிடுவோம். அப்படித்தான் பையன் பீட்டர் சேவியர் ஆனான். இடதுகால் ஆட்டக்காரன், கோல் அடிப்பதில் மன்னன். "அவன் வேற ஊருக்குப் போயிட்டா நான் பட்டறைய மூடிட்டு மொட்டை போட்டுக்கிடுவேன்," என்றான் எட்வின். தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு அது பெரிய சபதம்தான்.

எனக்குக் கன்னடம் படிக்க வராது. எட்வின் மனைவி மேரி எழுத்துகளை எழுதிப் போட்டோ அனுப்பினாள். பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வெட்டித் தைத்தேன். பேனரை ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுற்றி, பழைய சேலையால் மூடிக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். எதிர் சீட்டுக்காரர் ஓசூர் தாண்டும் வரை அந்தக் குழாயை ஒரு தினுசாகவே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் மெதுவாக, "உள்ள யாரும்மா?" என்று கேட்டார்.

பெங்களூரில் இறங்கியதும் முதலில் வந்து கட்டிக்கொண்டது குளிர், அடுத்தது தம்பி. மஞ்சள் ஜெர்ஸியில் நின்றான். ஆட்டோவில் குழாய் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, எட்வின் சிரித்தான். "என்னல சொல்லுதாரு?" என்றேன். "வண்டிக்கு ரெக்கை முளைச்சிருக்கு, பறக்கிற சார்ஜும் சேர்த்துக் குடுங்கங்காரு." பறந்திருந்தால் கொடுத்திருப்பேன். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, நகர்ந்து, மறுபடி நின்றோம். தூத்துக்குடியில் ஒரு ரயில்வே கேட் மூடினாலே ஊர் நின்றுவிட்டது என்று அலுத்துக்கொள்வோம். இங்கே கேட்டே இல்லாமல் நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

மேரி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்: "வாங்கண்ணி. இவுரு ஒரு மாசமா தூங்கறதில்ல. கனவுல கூட 'பீட்டர், பீட்டர்'னு பொலம்பறாரு. பொம்பள பேரா இருந்திருந்தா எங்கண்ணனுங்கள கூட்டினு வந்திருப்பேன்."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான் எட்வின். தட்டு அகலத்துக்கு இட்லி. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரா பாயசமா என்று ஒரு கணம் குழம்பினேன். மூன்றாவது கரண்டியில் நாக்கு சமாதானமாகிவிட்டது. காபியை இரண்டாகப் பிரித்து 'ஒன் பை டூ' என்று கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு காபியை இரண்டு பேர் குடித்தால் வறுமை. இங்கே அது சிநேகம்.

அங்கிருந்து பீட்டர் வீடு. பையன் வாசலில் செல்போனோடு உட்கார்ந்திருந்தான். ஒல்லி, குறும்புக் கண். அவன் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றக் குழந்தை இயேசு கோயிலுக்குப் போயிருந்தாள். "இந்த டீம்ல வந்தா வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம், வேற ஊர்னா என்னத்த துன்னுவானோன்னு அம்மா அழுவுதுங்க ஆன்ட்டி," என்றான் பீட்டர்.

"உனக்கு எந்த டீம் ஆசை?"

தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எதுனாலும் ஓகே ஆன்ட்டி. ஆனா இந்தத் தெருவுல நான் ஒரு பஜ்ஜி துன்னா, பத்து பேரு எட்வின் அங்கிளுக்கு போன் போடறாங்க."

எட்வினுக்கு அது காதில் விழவில்லை. அவன் பையனின் இடதுகால் செருப்பு வார் அறுந்திருப்பதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தான்.

மதியம் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டையோடு ஓர் ஆள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். பனைமரம் போல உயரம். ஹாரன் அடிக்கவில்லையாம். எட்வின் அறிமுகம் செய்தான்: "அக்கா, இவன் சேவியர். கம்பெனி டீம் கோல்கீப்பர். இவன் அப்பா பேரு என்ன சொல்லு பாப்போம்?"

"எனக்கு எப்படில தெரியும்?"

"பீட்டர்! நம்ம பையன் பீட்டர் சேவியர். இவன் சேவியர் பீட்டர்." எட்வின் தொடையில் தட்டிச் சிரித்தான், உடனே சிரிப்பு நின்றது. "அதாம்க்கா எனக்குப் பயமே. நாளைக்கு நம்ம மேனேஜர் பேரை மாத்திக் கீத்திச் சொல்லிட்டாருன்னா?"

"நீங்களும் பேர் குடுத்திருக்கீகளா?" என்று சேவியரிடம் கேட்டேன்.

"வருஷா வருஷம் குடுக்கறேங்க்கா. யாரும் கூப்பிட்டதில்ல. அங்க காபி நல்லா இருக்கும், அதுக்காகவே போவேன்." பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஹாரனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோல்கீப்பர் பொழப்பு, கோயில் வாட்ச்மேன் பொழப்புங்க்கா. திருட்டுப் போனாத்தான் நம்ம பேரு வெளிய வரும்."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு மூன்று நாளைக்குப் போதும். மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். மேரி அதிகாலையிலேயே மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் செய்து டிபன் கேரியரில் அடைத்திருந்தாள். டீம் நிறம் மஞ்சளாம்; சோறும் அதே நிறத்தில் இருந்தால் ராசியாம். போகும் வழியில் குழாயின் ஒரு முடிச்சு அவிழ்ந்து, பேனரின் வால் ஆட்டோவுக்கு வெளியே பறக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த பைக்குக்காரன் ஹெல்மெட்டைத் தூக்கி, "வருக வருகன்னு போட்டுட்டு நீங்க போயினே இருக்கீங்க?" என்று கத்தினான்.

டிராஃப்ட் நடந்தது ஒரு பெரிய ஓட்டலின் கல்யாண ஹாலில். மணமக்கள் உட்காரும் மேடையில் மைக்கும், பின்னால் ஒரு பெரிய திரையும். கீழே வட்ட மேசைகளில் அணிக்காரர்கள் கோட்டு சூட்டில். பின் வரிசைகளில் ஆட்டக்காரர்கள், முடிவுக்குக் காத்திருக்கும் பரீட்சைப் பிள்ளைகள் போல. ரசிகர்களுக்கு மாடி. சுருட்டிய பேனரை மாடிக் கம்பியில் கட்டி, ஒரு முனைக் கயிற்றை எட்வின் பிடிப்பது, மறுமுனையை நான் பிடிப்பது என்று ஏற்பாடு. பெயர் காதில் விழுந்ததும் இருவரும் இழுக்க வேண்டும்.

ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. எட்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே ஓடினான், நானும் பின்னாலேயே போனேன். வாசலில் அவன் டீம் மேனேஜர் பிரகாஷ் நின்றிருந்தார். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுகிறவர், நெற்றியில் வியர்வை.

"சார், ஒரு சின்ன விஷயம். ரெண்டு பேர் இருக்காங்க. பாத்துச் சொல்லணும். ஒருத்தன் பீட்டர் சேவியர், ஒருத்தன் சேவியர் பீட்டர்."

அதுவரை தெளிவாக இருந்த அந்த மனிதரின் முகத்தில் முதல் மேகம் வந்தது. "நம்ம ஹுடுகன், அந்தச் சின்னப் பையன், பீட்டர்தானே?"

"ஆமா சார். பீட்டர் பையன், சேவியர் அப்பா. அந்த இன்னொரு ஆள்தான் சேவியர். அவருக்குப் பீட்டர் அப்பா."

பிரகாஷ் கண்ணை மூடி யோசித்தார். "அப்போ, நம்ம பையனோட அப்பாதான் கோல்கீப்பரா?"

"ஐயோ, இல்ல சார்! அது வேற சேவியர்!"

"அப்பா பேரு முன்னாடி வருதா, பின்னாடியா?"

"பின்னாடி சார். ரெண்டு பேருக்குமே பின்னாடி."

"பின்னாடி பீட்டர்."

"பின்னாடி சேவியர் சார்!"

உள்ளே மணி அடித்தது. பிரகாஷ் உதடுகளை அசைத்துக்கொண்டே நடந்து போனார், ஜெபமாலை சொல்கிறவர் போல. எட்வின் என்னைப் பார்த்து, "நல்லவேளை அக்கா, சொல்லி வச்சேன்," என்றான்.

மேடையில் டமாரம் முழங்கியது. நடத்துகிற அம்மாள், முதல் பெயரைச் சொல்ல பிரகாஷை அழைத்தாள். மைக்கில் சொன்ன பெயர் சொன்னதுதான், மாற்ற முடியாது என்று முன்பே அறிவித்திருந்தாள். ஹால் அமைதியானது. எட்வின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பிரகாஷ் மைக்கைப் பிடித்து, நீட்டி முழக்கிச் சொன்னார்:

"சேவியர்… பீட்டர்!"

என் காதில் இரண்டு பெயரும் விழுந்தன. வரிசை பார்க்க நேரமில்லை. இழுத்துவிட்டேன். என் பக்கம் மடமடவென்று அவிழ்ந்து தொங்கியது பேனர். எட்வின் பக்கம் அப்படியே சுருண்டு நின்றது. அவன் இழுக்கவில்லை. கல்லாகிவிட்டிருந்தான். திரையில் பெரிதாக வந்தது நீலச் சட்டைக்காரரின் முகம்.

கீழே அந்தச் சேவியர், காபி மேசையருகே வாயில் பிஸ்கட்டோடு நின்றிருந்தார். அவரும் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "என்னை இல்லப்பா, அந்தப் பையன, அந்தப் பையன," என்று பீட்டரைக் காட்டினார். பீட்டர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தான். பிரகாஷ் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐயையோ, இது அப்பா!" என்றார்.

கெஞ்சிப் பார்த்தார். அம்மாள் தலையாட்டவில்லை. அடுத்த முறை கோழிக்கோட்டு அணிக்கு. அவர்களுடைய பெரியவர் எழுந்து, நாக்கில் பாயசம் வைத்து ருசிக்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "பீட்டர். சேவியர்." பீட்டர் துள்ளி எழுந்தான். அந்தத் துள்ளலில் ஒரு ஊர் நிறைய பஜ்ஜி இருந்தது.

எட்வின் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டான். மேரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சும்னே இருந்திருந்தா அந்தாளு கரெக்டா சொல்லியிருப்பாரு. வெளக்குறேன்னு போனீங்களே," என்று ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னதும் அவளுக்கே பாவமாகிவிட்டது. கைக்குட்டையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

அப்போது சேவியர் படியேறி வந்தார். அந்த உயரத்தைக் குறுக்கிக்கொண்டு எட்வினுக்கு இரண்டு படி கீழே நின்றார். கையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"எட்வினு, தப்பா கூப்பிட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியும். வேலை இருக்கு, வரலன்னு சொல்லிடட்டா? உங்களுக்குச் சங்கடம் வேணாம்."

போன் நின்று, மறுபடி அடித்தது.

"யாரு?" என்றான் எட்வின், நிமிராமலே.

"வீட்ல. நேரலையில பாத்துட்டா. என்னத்த சொல்றதுன்னு தெரியல."

என் தம்பியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோலிக்குண்டு தோற்றால் மூன்று நாள் சாப்பிடமாட்டான். அவன் 'ஆமாம், வேண்டாம்னு சொல்லிடு' என்று ஒரு சொல் சொன்னால், இந்த மனிதர் அப்படியே இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவார். போன் விடாமல் அடித்தது.

எட்வின் கையை நீட்டி அந்தப் போனை வாங்கினான். காதில் வைத்தான். மறுமுனையில் ஒரு பெண் அழுகையும் சிரிப்புமாகக் கத்துவது எனக்கே கேட்டது.

"ஆமா தங்கச்சி, நான் எட்வின். உண்மைதான். முதல் பேரு. மொத்த லீக்லயும் முதல் பேரு உன் வீட்டுக்காரன்தான்… தப்பா? யாரு சொன்னா? கோல் விழுந்துதான நாங்க கடைசி வந்தோம்? அதான் யோசிச்சு கோல்கீப்பர எடுத்திருக்கோம். ஆமா. பேனரெல்லாம் போட்டாச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, பேனர் போட்டாச்சுன்னு சொல்லிட்டேனே."

தையல்காரிக்கு இதைவிட நல்ல கட்டளை கிடைக்குமா? நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் பையில் இருக்கும். பேனரை இறக்கித் தரையில் விரித்தேன். எழுத்து ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்; இரண்டு பெயரையும் பிரித்து இடம் மாற்றினால் போதும். தமிழ் வரியை எட்வினே பிரித்தான். கன்னட வரியில் எது யார் என்று எனக்குத் தெரியாது. வியர்வையைத் துடைத்தபடி அங்கே வந்து நின்ற பிரகாஷ் குனிந்து காட்டினார்: "இது பீட்டர், இது சேவியர்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "சார், கோவிச்சுக்காதீக. மேரி, நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். பிரகாஷும் சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக. மாடியில் இருந்த பெண்கள் தங்கள் சேலைகளிலிருந்து ஆளுக்கொரு ஊக்கு கழற்றித் தந்தார்கள். பெயர்களை மாற்றி ஊக்குக் குத்தி, பேனரைக் கம்பியில் மறுபடி கட்டித் தொங்கவிட்டோம். வருக வருக சேவியர் பீட்டர். அந்த மனிதர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு வரியையும் படித்தார். பிறகு காபி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ரொம்ப நேரம் காபி ஆற்றினார். அந்தக் காபியில் ஆவியே வரவில்லை.

மஞ்சள் சோற்றை ஓட்டலின் வண்டி நிறுத்தும் இடத்தில் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பிரகாஷ் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பீட்டர் வந்து எட்வினைக் கட்டிப்பிடித்து, "அங்கிள், மேட்ச்சுக்கு வரும்போது அம்மா சமையல் கொண்டாங்க," என்றான். எட்வின் கொஞ்சம் அழுதான். பிறகு, "கோழிக்கோட்ல மீன் வறுவல் நிறைய துன்னாத," என்றான்.

திங்கட்கிழமை காலை மேரியின் மிஷினில் உட்கார்ந்து, ஊக்குகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பெயர்களைத் தைத்து முடித்தேன். அன்றே ஊர் கிளம்பினேன். திரும்பும்போது குழாய் இல்லை; கை வெறுமையாக இருந்தது. எதிர் சீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஆட்டங்கள் தொடங்கின பிறகு எட்வின் போன் செய்தான். குரலில் சுரத்தே இல்லை.

"என்னல, தோத்துட்டீகளா?"

"தோக்கல அக்கா. இதுவரைக்கும் ஒரு கோல் விழல. அவன் விட்டாத்தான?"

"நல்லதுதானே?"

"நாங்களும் ஒண்ணும் அடிக்கலையே. எல்லாமே டிரா. இப்படியே போனா கடைசி வர முடியாது அக்கா. அடுத்த டிராஃப்ட்ல முதல் சான்ஸ் போச்சு." பெருமூச்சு விட்டான். பிறகு குரலில் கொஞ்சம் ஆசை எட்டிப் பார்த்தது. "பீட்டர் ஒருவேளை அடுத்த வருஷம் திரும்பி வந்தான்னா, அந்தப் பேனரை மறுபடி மாத்திக்கலாம்ல?"

"முடியாதுல. சேவியர் பேரை ரெட்டைத் தையல் போட்டு அடிச்சிட்டேன். பிரிச்சா துணி கிழிஞ்சிரும்."